ஆம்புலன்ஸ் அண்ணனுக்குச் சுற்றிய எலுமிச்சம்பழம்

ஓர் எலுமிச்சம்பழத்தால் ஒரு மனிதர் தன் வேலையை விட்டுப் போகப் பார்த்தார். பழத்தை வாங்கியது நான். அவர் தலையை மூன்று முறை சுற்றியது நான். ஆம்புலன்ஸ் டயருக்கு அடியில் அதை வைத்து, வண்டியை நகர்த்தச் சொல்லி, அது நசுங்கியபோது எல்லாரையும்விட உரக்கச் சிரித்ததும் நான்தான். பத்து நாள் கழித்து, அவர் ஆம்புலன்ஸே வேண்டாமென்று மாற்றல் கடிதம் கொடுத்துவிட்டார் என்று கேள்விப்பட்டபோது எனக்கு முதலில் கோபம் வந்தது. எனக்கு எல்லாவற்றுக்கும் முதலில் கோபம்தான் வரும். மற்றவை பிறகு வரிசையில் நின்று வரும்.

நான் அவசரப் பிரிவின் வாசல் கவுண்டரில் உட்காரும் தாதி. கிள்ளான் பள்ளத்தாக்கில் ஓர் அரசாங்க ஆஸ்பத்திரி. எது என்று சொல்ல மாட்டேன், அங்கே நான் இன்னும் வேலை பார்க்க வேண்டும். வீடு கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸில். ரயிலேறிப் போய், ரயிலேறித் திரும்புகிறேன். ஆம்புலன்ஸில் வந்தாலும் சரி, மகனின் காரில் வந்தாலும் சரி, நடந்தே வந்தாலும் சரி, எல்லாரும் என்னைத் தாண்டித்தான் உள்ளே போக வேண்டும். ஓரிரு நிமிடம் பார்த்து ஒரு நிறம் சொல்வேன். சிவப்பு என்றால் காத்திருக்க முடியாதவர். மஞ்சள் என்றால் படுத்துக்கொண்டு காத்திருக்கலாம். பச்சை என்றால் உட்கார்ந்து என்னைத் திட்டிக்கொண்டே காத்திருக்கலாம். பச்சைக்காரர்களுக்குத் தெம்பு அதிகம்.

ஆம்புலன்ஸ்காரர்களுக்கும் எங்களுக்கும் உள்ள உறவை வெளியிலிருந்து பார்ப்பவர்கள் பகை என்றுதான் நினைப்பார்கள். அவர்களுக்கு நோயாளியை இறக்கிவிட்டு உடனே கிளம்ப வேண்டும், அடுத்த அழைப்பு காத்திருக்கும். எங்களுக்கோ உள்ளே கட்டில் இருக்காது. கட்டில் காலியாகும்வரை நோயாளி அவர்களுடைய ட்ராலியிலேயே கிடப்பார், ட்ராலி இல்லாமல் அவர்கள் வண்டியை எடுக்க முடியாது. அப்புறம் முதுகுப் பலகைச் சண்டை. கீழே விழுந்தவரைப் பலகையில் கட்டிக் கொண்டுவருவார்கள். எக்ஸ்ரே எடுக்கும்வரை அவிழ்க்கக் கூடாது. பலகை எங்களிடம் தங்கிவிடும்.

“என் பலகை எங்க மிஸ்ஸி?” என்று கேட்டுக்கொண்டே வருவார்கள். இங்கே தாதியர் எல்லாருமே மிஸ்ஸிதான்.

“உங்க பலகைய நா என்ன என் கைப்பையிலயா வச்சிருக்கேன்?” என்பேன்.

கைப்பையில் வைத்ததில்லை. ஆனால் ஒருமுறை சாமான் அறையில் அலமாரிக்குப் பின்னால் மூன்று பலகைகள் இருந்ததும், அவற்றை அங்கே வைத்தது யார் என்பதும் எனக்குத் தெரியும். எங்களுக்கும் பற்றாக்குறைதான்.

அதே ஆட்கள் மழையில் நனைந்து வந்தால் துடைத்துக்கொள்ளப் பழைய துண்டுகளை மடித்து வைத்திருப்போம். எங்கள் குளிர்பெட்டியின் கீழ்த்தட்டு அவர்களுடையது. அங்கே இருக்கும் நாசி லெமாக் சோற்றுப் பொட்டலத்தை, எவ்வளவு பசித்தாலும், எங்களில் யாரும் தொட்டதில்லை. அவர்கள் போன் போட்டு “சிவப்பு, அஞ்சு நிமிஷம்” என்றால், அந்த ஐந்தாவது நிமிடத்தில் நாங்கள் கையுறை போட்டு வாசலில் நிற்போம். ஒன்றே ஒன்றுதான் எங்களிடமிருந்து அவர்களுக்குக் கிடைக்காது. கொண்டுவந்து விட்டவர் அப்புறம் என்ன ஆனார் என்ற சேதி. “மிஸ்ஸி, நேத்து கேஸ் என்னாச்சு?” என்பார்கள். “வார்டுக்குப் போயிருச்சு” என்று தலையைத் தூக்காமலே சொல்வோம். அவ்வளவுதான். பொல்லாத்தனமாகச் செய்வதல்ல. எங்களுக்கே தெரியாது. எங்கள் கதவைத் தாண்டினால் அவர் எங்கள் ஆள் இல்லை.

இனி அந்த அண்ணன். ஆம்புலன்ஸின் பின்பக்கம் நோயாளியோடு உட்கார்ந்து வரும் மெடிக்கல் அசிஸ்டன்ட். என்னைவிட இரண்டு வயது மூத்தவர். தொப்பை, தடித்த கண்ணாடி, மேல்சட்டைப் பையில் எப்போதும் மூன்று பேனா, அவற்றில் எழுதுவது ஒன்று. நோயாளியை ஒப்படைக்கும்போது மற்றவர்கள் ரத்த அழுத்தம், நாடித் துடிப்பு என்று நான்கு வரியில் முடித்துவிடுவார்கள். இவர் ஐந்தாவது வரி ஒன்று சொல்வார்.

“பெரியவர் தனியா இருக்காரு மிஸ்ஸி. வீட்டுல மூணு பூனை. பக்கத்து வீட்டு ஆன்டிகிட்ட சொல்லிட்டுத்தான் வந்தேன்.”

“பூனைக்கு என்ன கலர் போடட்டும் அண்ணே? மஞ்சளா, பச்சையா?”

“கோவப்படாதீங்க லா. அவரு முழிச்சா மொதல்ல பூனையத்தான் கேப்பாரு.”

முழித்தவர் முதலில் பூனையைத்தான் கேட்டார். அதை அவரிடம் நான் சொல்லவில்லை. எனக்கு நேரமில்லை என்று அப்போது நினைத்துக்கொண்டேன்.

மலேசிய ஆஸ்பத்திரிகளில் ஒரு சொல் உண்டு, ஜோனா. எங்கிருந்து வந்தது என்று நான் விசாரித்ததில்லை. யார் ட்யூட்டியில் இருந்தால் கேஸ் குவியுமோ அவர் ஜோனா. டாக்டர்களில் உண்டு, தாதியரில் உண்டு. படித்த கூட்டம்தான், ஆனாலும் “இன்னைக்கு அமைதியா இருக்கே” என்று யாராவது வாய் தவறிச் சொல்லிவிட்டால் அடிக்க வருவோம். ஜோனாவோடு ட்யூட்டி விழுந்தால் பட்டியலை மாற்றித் தரச் சொல்லிக் கெஞ்சுவோம். எல்லாம் விளையாட்டுதான். பாதி விளையாட்டு என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அந்த வருஷம் நோன்பு மாதத்தில் அண்ணனுக்கு அந்தப் பட்டத்தைக் கொடுத்தது நான்.

நோன்பு மாதத்தில் எங்கள் பிரிவில் ஒரு வழக்கம். மாலை ஏழு மணியிலிருந்து முக்கால் மணி நேரம், நோன்பு திறக்கும் வேளையில், முஸ்லிம் அல்லாதவர்கள் வாசலைப் பார்த்துக்கொள்வோம். எங்கள் தீபாவளிக்கு அவர்கள் பார்த்துக்கொள்வார்கள். யாரும் எழுதி வைத்த சட்டமில்லை. என்னோடு கவுண்டரில் இருக்கும் மலாய்க்கார அக்கா பேரீச்சம்பழ டப்பாவோடு உள்ளே போவார், நான் ஒருத்தியாக உட்காருவேன். ஆம்புலன்ஸ் பக்கமும் அதே கதைதான். அந்த நேரத்து அழைப்புகளை அண்ணனும், அவருக்கு வண்டி ஓட்டும் ஒரு நெட்டைத் தமிழரும் எடுத்துக்கொண்டார்கள். ஓட்டுநருக்குச் சொந்த ஊர் ஜெஞ்சாரோம். ஒரு நாளைக்கு மொத்தம் பத்து வார்த்தை பேசுவார்.

அந்த முக்கால் மணி நேரம் பொல்லாதது. நோன்பு திறக்க வீட்டுக்குப் போய்ச் சேர வேண்டுமென்று எல்லாரும் ஒரே சமயத்தில் மோட்டர் சைக்கிளை முறுக்குவார்கள். மேரு பக்கத் தொழிற்சாலைகள் விட்டிருக்கும். ஷா ஆலமிலிருந்து வரும் சாலை கார்களால் அடைத்துக் கிடக்கும். ஆக, நான் தனியாக உட்கார்ந்திருக்கும் அந்த நேரமாகப் பார்த்து, நாள் தவறாமல், அண்ணன் ட்ராலியைத் தள்ளிக்கொண்டு வந்து நிற்பார்.

“என்னா அண்ணே, மறுபடியும் நீங்களா?”

“என்னா பண்றது மிஸ்ஸி. கூப்புடுறாங்க, போறேன்.”

“நீங்க ஜோனா அண்ணே. சுத்தமான ஜோனா. ஒங்களுக்குத் திருஷ்டி கழிக்கணும்.”

அவர் சிரித்தார். உள்ளேயிருந்து வந்த டாக்டர் சிரித்தார். மறுநாள் ‘ஜோனா அண்ணே’ என்பது பிரிவு முழுக்கப் பரவிவிட்டது. மலாய்க்காரர்களும் சீனர்களும்கூட அப்படியே கூப்பிட்டார்கள். எனக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது, வெட்கத்தோடு சொல்கிறேன்.

நோன்பு தொடங்கி ஒரு வாரம் இருக்கும். வேலைக்குப் போகும் வழியில் பிரிக்ஃபீல்ட்ஸ் பூக்கடையில் எலுமிச்சம்பழம் பார்த்தேன். நல்ல மஞ்சள், உள்ளங்கையில் அடங்கும் அளவு. ஒன்று வாங்கிப் பையில் போட்டுக்கொண்டேன். பிற்பகல் ஆட்கள் மாறும் நேரத்தில் அவரை வாசலில் பிடித்து நிறுத்தினேன். கிழக்கே பார்த்து நிற்க வைத்தேன். கண்ணாடியைக் கழற்றச் சொன்னேன், எதற்கு என்று எனக்கே தெரியாது. “ஊரு கண்ணு, ஒறவு கண்ணு, ஆக்சிடென்ட் கண்ணு, ஆஸ்துமா கண்ணு” என்று நானே மந்திரம் கட்டி மூன்று சுற்று. எல்லாரும் போனைத் தூக்கிப் பிடித்திருந்தார்கள். ஓட்டுநர் வண்டியை ஓரடி நகர்த்தினார். பழம் நசுங்கியது. கைதட்டல். அவரும் கும்பிட்டு, “இன்னையிலேர்ந்து மிஸ்ஸிக்கு ரெஸ்ட்” என்றார். சாயங்காலத்துக்குள் வாட்ஸப் குழுவில் அந்த வீடியோவுக்குக் கீழே ஒரே எலுமிச்சம்பழப் படம்.

அன்று மாலையே ஏழரை மணிக்கு அவரிடமிருந்து போன் வந்தது. சிவப்பு, நான்கு நிமிடம்.

மோட்டரில் போனவர். மேரு போகும் வழியில் லோரி. வயது நாற்பதுக்குள். அண்ணன் ட்ராலியோடு ஓடிக்கொண்டே அவருடைய நெஞ்சை அழுத்திக்கொண்டு வந்தார். கண்ணாடியில் வேர்வை இறங்கி அவருக்குப் பாதை தெரியவில்லை. நான்தான் ட்ராலியைப் பிடித்துத் திருப்பினேன். உள்ளே நோன்பு திறந்துகொண்டிருந்தவர்கள் கையில் எடுத்ததை அப்படியே வைத்துவிட்டு எழுந்து வந்தார்கள். அரை மணி நேரம் பார்த்தார்கள். முடியவில்லை.

நான் கவுண்டருக்குத் திரும்பியிருந்தேன். அண்ணன் காலி ட்ராலியோடு வந்து என் முன்னால் நின்றார். கையில் ஒரு பிளாஸ்டிக் பை, வாயை ரப்பர் போட்டுக் கட்டியது. உள்ளே கரும்புச் சாறு. ஐஸ் இன்னும் முழுக்கக் கரையவில்லை.

“இது அவரோடது மிஸ்ஸி. மோட்டர் கைப்பிடியில தொங்கிக்கிட்டு இருந்துச்சு. ஒடையல.”

“அங்க வைங்க.”

வைத்தார். வைத்துவிட்டும் நின்றார்.

“என்னா நிக்கிறீங்க அண்ணே? ட்ராலிய எடுங்க. பின்னால வண்டி நிக்குது.”

எடுத்துக்கொண்டு போனார். அந்தப் பையை நான் குளிர்பெட்டியில் வைத்தேன். இறந்தவரின் மனைவி வந்தபோது அதைக் கொடுக்கவா வேண்டாமா என்று ஒரு கணம் யோசித்து, கொடுக்காமல் விட்டேன். மறுநாள் பை அங்கே இல்லை.

அதற்குப் பிறகும் அவர் வந்தார், போனார். ஐந்தாவது வரி மட்டும் நின்றுபோனது. நான்கு வரி சொல்லி, கையெழுத்து வாங்கி, கிளம்பிவிடுவார். ஜோனா என்று யாராவது கூப்பிட்டால் சிரிப்பார், சத்தம் இருக்காது. இதெல்லாம் இப்போது எழுதும்போது தெரிகிறது. அப்போது எனக்குத் தெரிந்ததெல்லாம், அண்ணன் சீக்கிரமாக ஒப்படைக்கக் கற்றுக்கொண்டார், நல்லதாகப் போயிற்று என்பதுதான்.

மாற்றல் விஷயத்தை என்னிடம் சொன்னவர் ஓட்டுநர். இரண்டு நாளுக்கு உண்டான வார்த்தைகளை ஒரே நாளில் என்னிடம் செலவழித்தார்.

“மாத்தல் போட்டுட்டாரு மிஸ்ஸி. ஜெஞ்சாரோம் பக்கம் சின்ன கிளினிக்கு. ஆம்புலன்ஸ் வேணாமாம்.”

“ஏன்?”

“பழம் சுத்துனீங்க. அன்னைக்கே அந்த ஆளு செத்துட்டாரு.” கொஞ்சம் நிறுத்தி, “என் வண்டியில ஏறுறவன் தப்பிக்க மாட்டான்னு அண்ணே சொல்றாரு” என்றார்.

கோபம் வந்தது என்று சொன்னேனே, அது இங்கேதான். இருபது வருஷ அனுபவம் உள்ள மனிதர், ஒரு விளையாட்டை நம்புவதா? நேரே அவருடைய மேலதிகாரியிடம் போனேன். அவர் நிதானமானவர். கடிதத்தை மேசையில் வைத்திருப்பதாகவும், நோன்புப் பெருநாள் விடுமுறை முடிந்ததும் ஷா ஆலம் அலுவலகத்துக்கு அனுப்பிவிடப்போவதாகவும் சொன்னார். “போக வேண்டாம்னு நானும் சொல்லிப் பார்த்தேன். கேட்கல” என்று மலாயில் சொல்லிவிட்டு, என் முகத்தை ஒரு கணம் கூடுதலாகப் பார்த்தார். வீடியோவை அவரும் பார்த்திருந்தார்.

பெருநாளுக்குப் பன்னிரண்டு நாள் இருந்தது. அன்று ரயிலில் வீடு திரும்பும்போது கோபம் இறங்கி, அதற்கடுத்தது வந்தது. பாவி, என்ன காரியம் செய்தாய் என்று என்னையே கேட்டுக்கொண்டேன். அந்த மனிதர் போய்விட்டால் ஐந்தாவது வரி சொல்ல எங்கள் வாசலுக்கு யார் வருவார்கள்?

முதலில் எனக்குத் தெரிந்த வழியில் முயன்றேன். “ஓடிப்போறீங்களாமே அண்ணே, என்னைத் தனியா விட்டுட்டு?” என்று கிண்டலாக ஆரம்பித்தேன். “அங்க காத்து நல்லா இருக்கும் மிஸ்ஸி” என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். கிண்டலால் வந்த வினையைக் கிண்டலாலேயே தீர்க்கப் பார்த்தது எவ்வளவு அசட்டுத்தனம் என்று எனக்கே பிறகு உறைத்தது.

அடுத்து, பதிவேட்டைப் புரட்டினேன். அவர் விடுப்பில் இருந்த மாலைகள் மூன்று. மூன்றிலும் கூட்டம் அதே கூட்டம்தான். வேறு ஆட்கள் கொண்டுவந்திருந்தார்கள், அவ்வளவுதான். கூட்டம் சேர்ப்பது அந்த நேரம், அவர் இல்லை. எனக்கு உடனே ஓடிப்போய்ச் சொல்ல வேண்டும்போல இருந்தது. ஆனால் அந்தப் பக்கங்களில் அவர் கொண்டுவந்தவர்களின் வரிசை கண்ணில் பட்டது. ஏணி. பாம்பு. இயந்திரத்தில் கை. ஆம்புலன்ஸிலேயே பிரசவம். இவர்களெல்லாம் என்ன ஆனார்கள்? அவருக்குத் தெரியாது. எனக்கும் தெரியாது. கண்ணெதிரே போன ஒருவரை மட்டும்தான் அவருக்குத் தெரியும்.

ஒரு வாரம் சாப்பாட்டு நேரத்தில் வார்டு வார்டாக ஏறினேன். தெரிந்த தாதிகளைக் கேட்டேன், தெரியாதவர்களிடம் சண்டை போட்டுக் கேட்டேன். நோட்டுத்தாளில் எழுதிக்கொண்டேன், ஆளின் பெயர் இல்லாமல். மேருவில் ஏணியிலிருந்து விழுந்தவர் இடுப்பில் கம்பியோடு நடக்க ஆரம்பித்துவிட்டார். ஜெஞ்சாரோம் செம்பனைத் தோட்டத்தில் பாம்பு கடித்தவர் இரண்டு காலோடும் வீட்டுக்குப் போய்விட்டார். ஷா ஆலம் தொழிற்சாலைப் பெண்ணுக்கு இரண்டு விரல் போயிற்று, கட்டைவிரலைக் காப்பாற்றிவிட்டார்கள். வண்டியில் பிறந்த குழந்தை பெண், அழுத அழுகையில் வார்டே தூங்கவில்லையாம். பூனைக்காரப் பெரியவர் வீடு திரும்பிவிட்டார், பூனைகள் நலமா என்று தெரியாது. இரண்டு பேர் வார்டில் இறந்திருந்தார்கள். அவர்களையும் எழுதினேன். பொய்யான பட்டியல் கொடுக்க மனம் வரவில்லை. கரும்புச் சாற்றுக்காரரை மட்டும் எழுதவில்லை, அது அவருக்கே தெரியும்.

பெருநாளுக்கு இரண்டு நாள் முன்பு, பிற்பகலில், வண்டிகள் நிற்கும் இடத்துக்குப் போனேன். அவர் கால்சட்டையை முழங்கால்வரை மடித்துவிட்டுக்கொண்டு ஆம்புலன்ஸின் தரையைக் கழுவிக்கொண்டிருந்தார். வாளியில் டெட்டால் வாசனை. பட்டியலை நீட்டினேன். ஈரக் கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டு, கண்ணாடியை நெற்றிக்குத் தூக்கிவிட்டு, தாளைக் கண்ணருகே வைத்துப் படித்தார். மெதுவாகப் படித்தார். பூனை வந்த இடத்தில் உதடு அசைந்தது. கடைசிவரை போய், திரும்ப மேலேயிருந்து ஒருமுறை படித்தார்.

“அந்தக் கொழந்த பொண்ணா?”

“ஆமா அண்ணே. பயங்கர வாயாம்.”

“ஒங்க மாதிரி.”

அப்பாடா என்று இருந்தது. இதுதான் சமயம் என்று பதிவேட்டுக் கதையை எடுத்தேன். “நீங்க லீவுல இருந்த நாள்லயும் கூட்டம் கொறையல அண்ணே. நா பாத்தேன். நீங்க ஜோனாவே இல்ல.”

“நானும் பாத்தேன் மிஸ்ஸி.”

“எப்போ?”

“போன வாரமே. நா இல்லாத நாள்லயும் கூட்டம், கரெக்ட். அந்த நாள்ல கவுண்டர் கையெழுத்து யாரோடதுன்னு பாத்தீங்களா?”

நான் பார்க்கவில்லை. பார்க்க என்ன இருக்கிறது? அந்த மாதம் முழுக்க அந்த நேரத்தை எடுத்துக்கொண்டவள் நான்தானே.

“நீங்க ரெண்டு நாள் ஓய்வுல இருந்தீங்க. அந்த ரெண்டு நாளும் அரைப் பக்கந்தான்.” சொல்லிவிட்டு வாளியை எடுத்துத் தண்ணீரைச் சாக்கடைப் பக்கம் ஊற்றினார்.

“அப்போ நாந்தான் ஜோனாவா?”

“நா அப்படிச் சொல்லல. யார்கிட்டயும் சொல்லல.”

“சொல்லியிருக்கலாமே அண்ணே! எல்லாரும் ஒங்கள ஓட்டுனப்ப, என் பக்கம் திருப்பி விட்டிருக்கலாமே!”

“ஒரு தலையில இருந்தா போதும் லா மிஸ்ஸி. எதுக்கு ரெண்டு தலை?”

பட்டியலை நான்காக மடித்து, எழுதாத இரண்டு பேனாக்களுக்கும் எழுதும் ஒன்றுக்கும் பக்கத்தில் வைத்துக்கொண்டார். கடிதத்தைப் பற்றி நான் கேட்க வாயெடுப்பதற்குள் வண்டிக்குள் போன் அடித்தது, போய்விட்டார்.

நான் ஓய்வில் இருந்த இரண்டு நாளும் ஞாயிற்றுக்கிழமை. தொழிற்சாலை இல்லை, பள்ளிக்கூடம் இல்லை, கூட்டம் எப்படி வரும்? இதை எனக்கு நானே கவுண்டருக்கு நடந்து வருவதற்குள் மூன்று முறை சொல்லிக்கொண்டேன். மூளை ஒப்புக்கொண்டது. மனசு ஒப்புக்கொள்ளவில்லை.

அன்று மாலை ஊர் முழுக்கப் பெருநாளுக்குக் கிளம்பியிருந்தது. மலாய்க்கார அக்கா பேரீச்சம்பழ டப்பாவோடு உள்ளே போனார். நான் தனியாக உட்கார்ந்தேன். ஏழு மணிக்கு முதல் வண்டி. வாசல் கண்ணாடியில் அதன் விளக்கு சிவப்பாகச் சுழன்று விழுந்தபோது, நான் வந்ததாலா என்று ஒரு எண்ணம். சீ என்று தள்ளினேன். இரண்டாவது வண்டி. பேருந்தில் மயங்கி விழுந்தவர். மூன்றாவது வண்டி. பதிவேட்டில் நேரம் எழுத வேண்டிய கட்டத்தில் என் பெயரை எழுதிவிட்டு அடித்தேன். இருபது வருஷமாக அந்த விளக்கை நான் வேலை என்றுதான் பார்த்திருக்கிறேன். அன்று ஒவ்வொன்றும் என் பெயரைக் கேட்டு வருவதுபோல இருந்தது. இதைத்தானே அவர் மூன்று வாரமாகச் சுமந்துகொண்டு வண்டியில் ஏறி இறங்கினார் என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது.

நான்காவது அண்ணனின் வண்டி. மூச்சு விட முடியாத ஓர் அம்மாள், உதடு நீலம். அண்ணன் ஆக்சிஜன் முகமூடியை அழுத்திப் பிடித்துக்கொண்டு வந்தார். “சிவப்பு” என்றேன். என் குரலே எனக்குக் கேட்கவில்லை. இந்த அம்மாள் போய்விட்டால் அது என்னால்தான் என்று எனக்கு அந்த நிமிடம் நிச்சயமாகத் தோன்றியது. உள்ளே தள்ளிக்கொண்டு போனார்கள். நான் மூடிய கதவைப் பார்த்தபடி பேனாவைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

கொஞ்ச நேரத்தில் அண்ணன் காலி ட்ராலியோடு வெளியே வந்தார். ஒப்படைப்புத் தாளில் என் கையெழுத்துக்காக நின்றார். நான்கு வரி சொன்னார். “மூச்சு வந்துருச்சு, நல்லா பேசுறாங்க” என்றார். “மக பினாங்கிலேர்ந்து வந்துக்கிட்டு இருக்கு, அது வர்ற வரைக்கும் இவங்க கையில இருக்குற வளையலக் கழட்டாதீங்க, அழுவாங்க” என்றார். ஐந்தாவது வரி.

நான் தாளைப் பார்க்கவில்லை. அவர் என் கையைப் பார்த்தார். பிறகு முகத்தைப் பார்த்தார்.

“ஒங்களால இல்ல மிஸ்ஸி” என்றார்.

அவ்வளவுதான் சொன்னார். எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. பத்து நாளாக நான் பதிவேடு காட்டினேன், பட்டியல் போட்டேன், மேலதிகாரியிடம் நியாயம் கேட்டேன், கிண்டல் செய்தேன். இந்த ஒரு வரியை அவரிடம் நான் சொல்லவே இல்லை.

“அண்ணே” என்றேன். “அந்தக் கரும்பு ஜூஸ்காரரு. அவரும் ஒங்களால இல்ல அண்ணே. நீங்க அவரு நெஞ்ச அழுத்திக்கிட்டே ஓடி வந்தீங்க. நா பாத்தேன். ஒங்களால இல்ல.”

அவர் கண்ணாடியைக் கழற்றினார். சட்டை நுனியால் துடைத்தார். மாட்டிக்கொள்ளாமல் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தார்.

“இதக் கேக்கத்தான் மிஸ்ஸி அன்னைக்கு இங்க நின்னேன்” என்றார்.

மாற்றல் கடிதத்தை அவர் மறுநாள் காலை மேலதிகாரியிடமிருந்து திரும்ப வாங்கிக்கொண்டார். அது எனக்குப் பெருநாளுக்குப் பிறகுதான் தெரியும். அந்த நிமிடம் எனக்குத் தெரிந்ததெல்லாம், வாசலில் இன்னொரு வண்டி வந்து நின்றுவிட்டது என்பதும், அண்ணனின் ட்ராலி வழியை அடைத்துக்கொண்டு நிற்கிறது என்பதும்தான். அவர் அதை நகர்த்தவில்லை. நானும் நகர்த்தச் சொல்லவில்லை.